கம்ப்யூட்டரோடு பேச 15 சொற்கள் போதும்!

தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரைப் பார்த்து இருப்பீர்கள். மரத்தடியில் ஒரு சிறிய மேஜை. அதைச் சுற்றி நாலைந்து பேர். அவர்கள் குறையைச் சொல்லுவார்கள். இவர் எழுதுவார். எழுதியது என்ன என்று கேட்டவருக்குத் தெரியாது. காசைக் கொடுத்துவிட்டு, மனுவை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்.

60 ஆண்டுகளுக்கு முன்பு கம்ப்யூட்டரின் வாசலிலும் இதே கதைதான்!

கம்ப்யூட்டரிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டுமா? நேரே போய்க் கேட்க முடியாது. அதன் மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். அவரிடம் சொல்ல வேண்டும். அவர் எழுதித் தருவார். பிறகு காத்துக் கிடக்க வேண்டும்.

அந்த வழக்கத்தை உடைத்தவர்கள் இரண்டு கணக்கு வாத்தியார்கள். அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் இருந்தவர்கள். அவர்கள் 1964-ம் ஆண்டு ஒரு மொழியை உண்டாக்கினார்கள். அதன் பெயர் "பேசிக்". அடிப்படை என்று பொருள்.

அந்த மொழியைப் பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம் திட்டினார்கள். இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. வாத்தியார்கள் இருவரும் செய்ததுதான் சரி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

துளை போட்ட அட்டைகள்

கம்ப்யூட்டருக்கு உண்மையில் ஒரு மொழியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே குறிகள். ஒன்று, சைபர். எல்லாக் கட்டளையையும் இந்த இரண்டு குறிகளைக் கொண்டே எழுத வேண்டும். அல்லது அதற்கு மிக நெருக்கமான, மனிதர் வாயில் நுழையாத சுருக்கெழுத்தில் எழுத வேண்டும்.

பிற்பாடு ஒரு நல்ல வழி பிறந்தது. எந்திரத்துக்கு உள்ளேயே ஒரு துபாஷியை உட்கார வைத்தார்கள். துபாஷி தெரியும் அல்லவா? வெள்ளைக்காரர் காலத்தில் இரண்டு பாஷை தெரிந்துகொண்டு, இவர் சொன்னதை அவருக்கும், அவர் சொன்னதை இவருக்கும் மாற்றிச் சொன்னவர். அதுபோல, மனிதன் எழுதுவதை எந்திரத்தின் குறிகளாக மாற்றித் தரும் துபாஷி. இதுவும் ஒரு புரோகிராம்தான். இதைக் "கம்பைலர்" என்று சொல்வார்கள்.

ஐ.பி.எம். கம்பெனியில் ஜான் பேக்கஸ் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1957-ல் "போர்ட்ரான்" என்ற மொழியையும் அதற்கு ஒரு துபாஷியையும் செய்து கொடுத்தார்கள். அது பெரிய காரியம். விஞ்ஞானிகளும் என்ஜினீயர்களும் அதைக் கொண்டாடினார்கள்.

ஆனால் காத்துக் கிடப்பது மட்டும் மாறவில்லை.

எழுதியதை அட்டையில் துளையாகப் போட வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. 200 வரி என்றால் 200 அட்டை. கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வாங்கிக்கொள்வார். வரிசைப்படி எந்திரத்தில் போடுவார். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ விடை வரும். ஒரு காற்புள்ளி தவறி இருந்தால் விடை வராது. "பிழை" என்று வரும். திருத்திக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரு காற்புள்ளிக்கு ஒரு நாள்!

ரயிலில் போன கணக்கு

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹனோவர் என்று ஓர் ஊர். அங்கே டார்ட்மவுத் கல்லூரி இருக்கிறது. 1769-ல் தொடங்கிய பழைய கல்லூரி.

அந்தக் கல்லூரிக்கு 1956-ல் கணக்கு வாத்தியாராக வந்தார், தாமஸ் குர்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 28. கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடையாது. பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்விக்கூடம் இருக்கிறது. அங்கே ஓர் ஐ.பி.எம். 704 எந்திரம் இருந்தது. சுற்றுவட்டாரக் கல்லூரிகள் அதில் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ளலாம்.

குர்ட்ஸ் என்ன செய்வார்? துளை போட்ட அட்டைகளை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்வார். ரயில் ஏறுவார். எம்.ஐ.டி.யில் கொடுப்பார். அது பெரும்பாலும் பிழையோடு திரும்பி வரும். உட்கார்ந்து திருத்துவார். மறுபடி கொடுப்பார். சாயங்காலம் ரயிலைப் பிடித்து ஊர் திரும்புவார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இந்தப் பயணம்.

ஒரு முறை ஒரு கணக்கை எந்திரத்துக்கு நெருக்கமான கடினமான மொழியில் எழுதினார். அதுதான் எந்திரத்தின் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். மாதக்கணக்கில் முயன்றார். எந்திரத்தின் நேரம் ஒரு மணி வீணாயிற்று. விடை வரவில்லை. கடைசியில் அதே கணக்கைப் போர்ட்ரானில் எழுதினார். ஐந்து நிமிஷத்தில் விடை வந்துவிட்டது!

எந்திரத்தின் நேரம் பெரிதா, மனிதனின் நேரம் பெரிதா? இந்தக் கேள்வி குர்ட்ஸ் மனத்தில் அன்று பதிந்துவிட்டது.

அகதியாக வந்த பையன்

இன்னொரு வாத்தியார், ஜான் கெமனி. குர்ட்ஸை வேலைக்கு எடுத்தவர் இவரே. கணக்குத் துறையின் தலைவர்.

கெமனி பிறந்தது ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்டில், 1926-ல். யூதக் குடும்பம். ஹிட்லரின் நிழல் ஐரோப்பாவில் படரத் தொடங்கியதைத் தகப்பனார் பார்த்தார். தாம் முதலில் அமெரிக்கா போனார். 1940-ல் மனைவி, மக்களை அழைத்துக்கொண்டார். தாத்தா மட்டும் வர மறுத்துவிட்டார். தாத்தாவையும், அங்கேயே தங்கிவிட்ட உறவினர்களையும் நாஜிகள் கொன்றார்கள்.

நியூயார்க்கில் இறங்கியபோது பையனுக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. ஆனால் கணக்கில் புலி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். படிப்பு முடியும் முன்பே ராணுவம் அழைத்துக்கொண்டு போயிற்று. எங்கே? அணுகுண்டு செய்துகொண்டு இருந்த லாஸ் அலமாஸ் என்ற ரகசிய இடத்துக்கு!

அங்கே ஐ.பி.எம். கம்பெனியின் கணக்கு எந்திரங்கள் 17 இருந்தன. கடைக் கணக்குப் பார்க்கச் செய்யப்பட்டவை. வாரத்தில் ஆறு நாள், இரவும் பகலும் அவை ஓடும். அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு எந்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு ஓடுவதே வேலை. ஒரு ஆண்டு முழுவதும் அவர்கள் அப்படிச் செய்த கணக்கை, 1970-ம் ஆண்டு வாக்கில் தம் கல்லூரி மாணவன் ஒருவனே ஒரு பிற்பகலில் போட்டுவிட முடியும் என்று கெமனி பிற்காலத்தில் எழுதினார்.

போர் முடிந்து பிரின்ஸ்டன் திரும்பினார். டாக்டர் பட்டத்துக்குப் படித்தபோதே ஐன்ஸ்டைனுக்குக் கணக்கு உதவியாளராக இருந்தார். பிறகு டார்ட்மவுத் கல்லூரி.

முள்வேலிக்கு உள்ளே, ரகசியமாக, சிலருக்கு மட்டும் என்று இருந்த எந்திரத்தை வாலிபத்தில் பார்த்தவர் இவர். அதனால்தான் அதை வேலிக்கு வெளியே கொண்டுவர இவ்வளவு ஆசைப்பட்டார் என்று நான் நினைக்கிறேன்.

எல்லா மாணவர்களுக்கும்!

ஒரு நாள் குர்ட்ஸ் கெமனியிடம் ஒரு யோசனை சொன்னார். கல்லூரியில் படிக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் கம்ப்யூட்டர் கற்றுத்தர வேண்டும். கணக்கும் விஞ்ஞானமும் படிக்கிறவர்களுக்கு மட்டும் அல்ல. சரித்திரம், இலக்கியம் படிக்கிறவர்களுக்கும்!

அன்றைய நிலையில் இது கிறுக்குத்தனமாகத் தோன்றி இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் பல லட்சம் ரூபாய் பெறும். அதைக் கவிதை படிக்கிற பையன் கையில் கொடுப்பதா?

அவர்கள் சொன்ன காரணம் அழுத்தமானது. டார்ட்மவுத் மாணவர்களில் நான்கில் ஒரு பங்கு பேரே விஞ்ஞானம் படித்தார்கள். மற்ற மூன்று பங்கு பேர் நாளைக்குக் கம்பெனி நடத்துவார்கள். அரசாங்கத்தில் உட்காருவார்கள். கம்ப்யூட்டரை எங்கே, எதற்கு உபயோகிப்பது என்று தீர்மானிக்கப் போகிறவர்கள் அவர்கள். அது என்ன என்றே தெரியாமல் தீர்மானித்தால் எப்படி?

நியாயமான கேள்வி. இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் சரித்திரம் படிக்கிற பையனிடம் போர்ட்ரானைக் கொடுக்க முடியுமா? முழு எண்ணுக்கு ஒரு விதி. தசம எண்ணுக்கு ஒரு விதி. விடையைக் காகிதத்தில் அச்சடிக்க, எத்தனை இடம் விட வேண்டும், எங்கே புள்ளி என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். முதல் நாளே பையன் ஓடிவிடுவான்.

ஆகவே புதிய மொழி!

மொழி எப்படி இருந்தது?

முதலில் வந்த பேசிக் மொழியில் ஏறக்குறைய 15 கட்டளைச் சொற்களே இருந்தன. எல்லாம் சாதாரண ஆங்கிலச் சொற்கள். இரண்டு மூன்று மணி நேரப் பாடத்தில் கற்றுக்கொண்டு விடலாம். உங்களுக்கே இப்போது காட்டுகிறேன்.

10 லெட் ஏ = 7
20 லெட் பி = 8
30 பிரிண்ட் ஏ * பி
40 எண்ட்

"லெட்" என்றால் "வைத்துக்கொள்". ஏ என்பது 7 என்று வைத்துக்கொள். பி என்பது 8 என்று வைத்துக்கொள். "பிரிண்ட்" என்றால் "அச்சடி". நட்சத்திரக் குறி, பெருக்கல் குறி. "எண்ட்" என்றால் முடிந்தது. இதைத் தட்டிவிட்டு, "ரன்" என்று தட்ட வேண்டும். ஓடு என்று அர்த்தம். 56 என்று விடை வரும்.

படித்துவிட்டீர்களா? அப்படியானால் நீங்களும் ஒரு புரோகிராமைப் படித்துவிட்டீர்கள்!

"லெட்" என்ற சொல்லை ஏன் வைத்தார்கள்? அதில் ஒரு வாத்தியாரின் அனுபவம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அடிக்கடி "எக்ஸ் = எக்ஸ் + 1" என்று எழுத வேண்டி வரும். எக்ஸில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி, மறுபடி எக்ஸிலேயே வை என்பது பொருள். கணக்குப் படித்த பையன் இதைப் பார்த்தால் திகைத்துப் போவான். ஒரு எண் தன்னைவிட ஒன்று அதிகமான எண்ணுக்கு எப்படிச் சமமாகும்? முன்னால் "வைத்துக்கொள்" என்ற சொல் வந்துவிட்டால் திகைப்பு இல்லை. அது ஒரு கட்டளை என்று புரிந்துவிடும்.

முன்னால் 10, 20, 30 என்று இருப்பதைப் பாருங்கள். ஏன் 1, 2, 3 என்று போடவில்லை? நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 என்று எண் போட்டு எழுதினால் அது தானாக 10-க்கும் 20-க்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 20-ம் வரியில் பிழையா? மறுபடி 20 என்று போட்டுச் சரியாக எழுதினால் போதும். பழைய வரி போய்விடும். அப்போது இன்றுபோல் திரை கிடையாது. தந்தி ஆபீசில் இருந்தது போன்ற டெலிபிரிண்டரில் தட்ட வேண்டும். அழிக்கவும் முடியாது. அந்த எந்திரத்துக்கு ஏற்ற உபாயம் இது.

முழு எண், தசம எண் என்ற பேதத்தையும் எடுத்துவிட்டார்கள். எண் என்றால் எண். அவ்வளவுதான். அச்சடிப்பதற்குத் தனி வரி வேண்டாம். எந்திரமே பார்த்துக்கொள்ளும்.

எந்திரத்தோடு வேலையைத் தொடங்க என்ன தட்ட வேண்டும் தெரியுமா? "ஹலோ"! முடித்துக்கொண்டு போகும்போது? "குட்பை"!

சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். புதிதாக வருகிறவனை வாசலிலேயே மிரட்டுவதா, வரவேற்பதா என்று யோசித்துச் செய்தது இது.

பந்தி பரிமாறுவது போல

மொழி எளிதாகிவிட்டது. வரிசையில் நிற்பதற்கு என்ன செய்வது? ஆயிரக்கணக்கான மாணவர்கள். எந்திரம் ஒன்று.

டார்ட்மவுத்தில் முன்பு வேலை பார்த்துவிட்டு எம்.ஐ.டி.க்குப் போய் இருந்தார், ஜான் மெக்கார்த்தி என்ற அறிஞர். அவர் குர்ட்ஸிடம், "நேரத்தைப் பங்கு போடுங்கள்" என்று யோசனை சொன்னார்.

கல்யாணப் பந்தியைப் பாருங்கள். சாம்பார் வாளியோடு ஒருவர் வருவார். 40 இலை இருக்கும். ஓர் இலைக்கு ஒரு கரண்டி. அடுத்த இலைக்குப் போய்விடுவார். சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபடி வந்துவிடுவார். தனக்குச் சாம்பார் வரவில்லை என்று யாரும் குறைப்பட மாட்டார்கள். கம்ப்யூட்டரும் அப்படியே. இவர் கணக்கில் ஒரு நொடி, அவர் கணக்கில் ஒரு நொடி. மனிதன் ஒரு வரி தட்டி முடிப்பதற்குள் அது பத்துப் பேரைச் சுற்றி வந்துவிடும். ஒவ்வொருவரும் எந்திரம் தமக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எம்.ஐ.டி.யில் இந்த முறையை ஏற்கெனவே செய்து காட்டி இருந்தார்கள். ஆனால் ஒரு கல்லூரியின் மாணவர்கள் எல்லோருக்கும் என்று யாரும் துணியவில்லை.

அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான நிறுவனம் 3 லட்சம் டாலர் கொடுத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிடம் எந்திரங்கள் வாங்கினார்கள். கணக்குப் போட ஒன்று. டெலிபிரிண்டர்களைக் கவனித்துக்கொள்ள இன்னொன்று. இரண்டும் 1964 பிப்ரவரி மாதக் கடைசியில் வந்து சேர்ந்தன.

எந்திரம் வந்துவிட்டது. அதை ஆட்டிவைக்கும் புரோகிராமை எழுதுவது யார்? சம்பளம் கொடுத்து நிபுணர்களை அழைத்தார்களா?

இல்லை. மாணவர்களே எழுதினார்கள்! மைக்கேல் புஷ், ஜான் மெக்கீச்சி என்று இரண்டு மாணவர்கள். இன்னும் பட்டம் வாங்காதவர்கள். வகுப்புக்குப் போய்விட்டு வந்து, ராத்திரி முழுவதும் எந்திரத்தோடு போராடினார்கள். பிள்ளைகளை நம்பி இவ்வளவு பெரிய வேலையா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. கெமனிக்குச் சந்தேகம் இல்லை. அணுகுண்டு நிலையத்துக்கு அவர் போனபோது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லையே!

துபாஷியை எழுதும் வேலையைக் கெமனியே எடுத்துக்கொண்டார். 1963-லேயே தொடங்கிவிட்டார். ஒரு துறையின் தலைவர் உட்கார்ந்து வரி வரியாகப் புரோகிராம் எழுதினார் என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய துபாஷி படுவேகம். மாணவன் "ரன்" என்று தட்டியதும் முழுப் புரோகிராமையும் ஒரே மூச்சில் எந்திரக் குறிகளாக மாற்றும். உடனே ஓட்டும். நடுவில் ஒரு துபாஷி இருக்கிறார் என்பதே மாணவனுக்குத் தெரியாது. பிழை இருந்தால் எந்த வரியில் என்ன பிழை என்று சாதாரண ஆங்கிலத்தில் சொல்லும்.

விடியற்காலை 4 மணி

1964-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி. விடியற்காலை 4 மணி. "காலேஜ் ஹால்" என்ற கட்டிடத்தின் நிலவறை.

இரண்டு டெலிபிரிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் முன்னால் கெமனி. இன்னொன்றின் முன்னால் ஒரு மாணவர். இருவரும் தனித்தனியாகப் புரோகிராம் தட்டி இருக்கிறார்கள். ஒரே சமயத்தில் "ரன்" என்று தட்டினார்கள்.

இரண்டு டெலிபிரிண்டர்களும் கடகட என்று அடித்தன. இரண்டிலும் விடை வந்தது. இரண்டும் சரி!

ஊரில் யாருக்கும் தெரியாது. மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் மனு எழுதிக் கொடுப்பவரின் மேஜை அன்றைக்குத்தான் ஆடியது.

நூலகம் போல

அந்த ஆண்டுக்குள் டெலிபிரிண்டர்கள் சுமார் 20 ஆயின. பிறகு இன்னும் பெருகின. 1966-ல் கம்ப்யூட்டருக்கு என்றே ஒரு தனிக் கட்டிடம் கட்டினார்கள்.

மாணவன் காசு கொடுக்க வேண்டியது இல்லை. எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. நூலகத்தில் போய்ப் புத்தகம் எடுப்பது போல என்று கெமனி சொல்லுவார். அலமாரி திறந்து இருக்கிறது. வேண்டியதை எடுத்துப் படி. எதற்காகப் படிக்கிறாய் என்று யாராவது கேட்கிறார்களா?

பையன்கள் அதில் கணக்கும் போட்டார்கள். விளையாட்டும் ஆடினார்கள். பொழுதை வீணாக்குகிறார்கள் என்று வாத்தியார்கள் தடை போடவில்லை. விளையாடத் தெரிந்துகொண்டவன், எந்திரத்தைக் கண்டு பயப்பட மாட்டான்.

டெலிபோன் கம்பி வழியாகப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிகளையும், மற்றக் கல்லூரிகளையும் இணைத்தார்கள். மொழியைப் பிறர் எடுத்துக்கொள்ளத் தடையும் இல்லை, கட்டணமும் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அதை வைத்து ஒரு வியாபாரமே நடத்தியது.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். "எல்லோருக்கும்" என்றார்கள். அந்த எல்லோரில் பெண்கள் இல்லை! டார்ட்மவுத் அப்போது ஆண்கள் கல்லூரி. உயர்நிலைப் பள்ளிகளிலும், மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியிலும் கம்பி வழியாகச் சில பெண்களுக்கு அந்த மொழி கிடைத்தது. டார்ட்மவுத் வாசற்படியைப் பெண்கள் மாணவிகளாக மிதித்தது 1972-ல். அந்தக் கதவைத் திறந்தவரும் கெமனியே. 1970-ல் அவர் கல்லூரியின் தலைவராகி இருந்தார்.

அறிஞரின் கோபம்

இனி, திட்டியவர்கள் கதைக்கு வருவோம்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஹாலந்து நாட்டுக்காரர். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் மேதை. சந்தேகமே இல்லை. அவர் 1975-ல் ஒரு குறிப்பு எழுதினார். பேசிக் பழகிய மாணவனுக்கு நல்ல புரோகிராம் எழுதக் கற்றுத்தருவது ஏறக்குறைய முடியாத காரியம், அவன் மூளை திருத்த முடியாதபடி கெட்டுவிட்டது என்கிற பொருளில் சாடினார். போர்ட்ரானையும் மற்ற மொழிகளையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பேசிக்குக்குக் கிடைத்த அடிதான் பலம்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பேசிக்கில் "கோ டு" என்று ஒரு கட்டளை உண்டு. 200-ம் வரிக்குப் போ, அங்கே இருந்து 50-ம் வரிக்குப் போ என்று இஷ்டம்போல் தாவலாம். சிறிய புரோகிராமில் கவலை இல்லை. பெரியதாக வளர்ந்தால் சிக்கலான நூல்கண்டு ஆகிவிடும். எழுதியவனுக்கே நுனி அகப்படாது.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நடை பழகும் குழந்தைக்கு மூன்று சக்கர நடைவண்டி கொடுக்கிறோம். அந்தக் குழந்தை பிறகு ஓட்டப் பந்தயத்தில் ஓடாமலா போகிறது? அகரம் எழுதும்போது மணலில் விரலால் எழுதினோம். அதனால் பேனா பிடிக்க வராமல் போயிற்றா?

டைக்ஸ்ட்ராவின் கண் முன்னால் இருந்தவர்கள், நாளைக்குப் புரோகிராம் எழுதுவதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர்கள். கெமனியின் கண் முன்னால் இருந்தவர்கள், அதைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். இருவரும் வெவ்வேறு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். அறிஞர் அதைக் கவனிக்கவில்லை.

அது மட்டுமா? டார்ட்மவுத்தில் மொழியை ஆண்டுதோறும் திருத்திக்கொண்டே வந்தார்கள். "கோ டு" இல்லாமலே எழுதும் வழிகளைச் சேர்த்தார்கள். வெளியில் பரவியதோ வேறு பேசிக்.

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்

1975-ல் "ஆல்ட்டேர் 8800" என்று ஒரு சிறிய கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பேசிக் எழுதித் தருகிறோம் என்று இரண்டு வாலிபர்கள் முன்வந்தார்கள். பில் கேட்ஸ், பால் ஆலன். ஆல்ட்டேரை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்தது இல்லை! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரை ஆல்ட்டேர் போல நடிக்கவைத்து, அதில் எழுதினார்கள். ஆலன் விமானம் ஏறி ஆல்புகர்க்கி நகரத்துக்குப் போனார். உண்மையான எந்திரத்தில் போட்டார். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டார். நான்கு என்றது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் முதல் சரக்கு அதுதான்.

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரில் இடம் மிகக் குறைவு. 4,096 எழுத்துகள் வைக்கும் இடத்தில் பேசிக் முழுவதையும் அடக்க வேண்டும். ஆகவே துபாஷியின் வேலை முறையை மாற்றினார்கள். முழுக் கடிதத்தையும் மொழிபெயர்த்துக் கொடுப்பது பழைய முறை. ஒவ்வொரு வரியாகக் காதில் சொல்லிக்கொண்டே போவது புதிய முறை. வேகம் குறைவு. ஆனால் சிறிய இடத்தில் அடங்கும். டார்ட்மவுத் செய்திருந்த திருத்தங்கள் பலவற்றை அதில் நுழைக்க இடம் இல்லை. உலகம் பார்த்தது இந்தக் குட்டிப் பேசிக்கைத்தான். கெமனிக்கும் குர்ட்ஸுக்கும் இதில் வருத்தம் உண்டு. 1983-ல் தாங்களே ஒரு கம்பெனி வைத்து, "ட்ரூ பேசிக்", அதாவது உண்மையான பேசிக், என்று வெளியிட்டார்கள். காலம் கடந்துவிட்டது. அது பெரிதாகப் பரவவில்லை.

1977-ல் ஆப்பிள், கமடோர், டாண்டி ஆகிய மூன்று கம்பெனிகளும் வீட்டுக் கம்ப்யூட்டர்களை விற்றன. மூன்றிலும் பேசிக். நம் நாட்டிலும் 1984-ல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்காக இங்கிலாந்தில் இருந்து வந்த "பி.பி.சி. மைக்ரோ" எந்திரங்களிலும் பேசிக்தான். இன்று 50 வயதை ஒட்டி இருக்கும் என்ஜினீயர்கள் பலரைக் கேட்டுப் பாருங்கள். முதலில் தட்டிய கட்டளை எது என்று. "பிரிண்ட்" என்பார்கள்.

கைநாட்டா, கையெழுத்தா?

அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விசேஷம். சுவிட்சைப் போட்டதும், "தயார், என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பது போல் பேசிக் வந்து நிற்கும். விளையாட்டுக்கூட நீங்களாகக் கட்டளை கொடுத்தால்தான் வரும்.

இன்று கைபேசி எல்லோர் கையிலும் இருக்கிறது. டார்ட்மவுத்தின் அந்தப் பழைய எந்திரம் இதன் முன்னால் தூசி. ஆனால் கைபேசியைத் திறந்ததும் உங்களை யாரும் "என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பது இல்லை. கடைகடையாகப் படங்கள் இருக்கின்றன. தொட வேண்டும். அவ்வளவுதான். அதற்குக் கட்டளை கொடுக்கும் கதவு எங்கோ பின்பக்கத்தில் இருக்கிறது. தேடுகிறவனுக்குத்தான் தெரியும்.

இப்போது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். உங்களுக்கு வேண்டியதைத் தமிழிலேயே சொல்லலாம். எந்திரமே புரோகிராம் எழுதித் தருகிறது. நல்ல வசதிதான். நான் குறை சொல்லவில்லை. கெமனி இருந்தால் அவரும் மகிழ்ந்து இருப்பார்.

ஆனால் எழுதித் தந்ததைப் படிக்கத் தெரிய வேண்டாமா? மனு எழுதிக் கொடுப்பவர் மேஜைக்கு மறுபடியும் வந்து நிற்கிறோம். இந்தத் தடவை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இருப்பது எந்திரம். என்ன எழுதி இருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுப் போட்டால் கையெழுத்து. படிக்காமல் போட்டால் கைநாட்டு.

பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இலவசமாக எந்திரங்கள் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். அதோடு ஓர் எளிய மொழியையும் திறந்த உடனே தெரியும்படி வைத்துக் கொடுக்க வேண்டும் என்பேன். பேசிக்கே வேண்டும் என்று இல்லை. அதைவிட நல்ல மொழிகள் வந்துவிட்டன. 15 சொற்களில் தொடங்கக்கூடியதாக இருந்தால் போதும். பிள்ளை எல்லாம் என்ஜினீயர் ஆவதற்கு அல்ல. அந்த எந்திரம் தன்னை என்ன செய்யச் சொல்கிறது, தான் அதை என்ன செய்யச் சொல்லலாம் என்று தெரிந்துகொள்வதற்கு.

கெமனி 1992-ல் காலமானார். குர்ட்ஸ் நீண்ட நாள் இருந்தார். 2024 நவம்பரில், 96-வது வயதில் மறைந்தார்.

அவர் இருக்கும்போதே ஒரு காரியம் நடந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சரித்திர முக்கியமான இடங்களில் சாலை ஓரத்தில் பலகை நடுவார்கள். இன்ன தலைவர் பிறந்த இடம், இன்ன சண்டை நடந்த இடம் என்று எழுதி இருக்கும். 2019-ல் ஹனோவர் ஊருக்குப் போகும் சாலையில் ஒரு பலகை நட்டார்கள். அதில் ஒரு கம்ப்யூட்டர் மொழியின் பெயர் எழுதி இருக்கிறது.